காற்று இறைத்த நீர்

ஐதராபாத்துக்கு வடக்கே, சிக்கந்தராபாத்தையும் திருமலகிரியையும் அல்வாலையும் கடந்து செல்பவர் போலாரத்தை அடைவர். கடல் மட்டத்துக்குச் சுமார் 1,900 அடி உயரத்தில் விரிந்த பாறை மேடு அது. ஆங்கிலேயர் நிஜாமின் நாட்டில் படை நிறுத்திய காலத்தில், வெப்பம் சற்றே தணிந்து காற்று தாராளமாக வீசும் இடம் என்று தேர்ந்து அங்கே பாளையம் அமைத்தனர். ரெசிடெண்டு துரை தங்குவதற்காக 1860-ஆம் ஆண்டில் எழுந்த மாளிகையே இன்று குடியரசுத் தலைவர் தங்கும் ராஷ்டிரபதி நிலையமாக விளங்குகிறது. சென்னைப் படையோடு வந்து இப்பகுதியில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களும் பல.

ஆனி, ஆடி மாதங்களில் இந்த மேட்டில் நின்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று மேலாடையைப் பறித்துச் செல்லும். காலடியிலோ கருங்கற் பாறை. அதன் மேற்பகுதி சிதைந்து உதிர்ந்த அளவுக்குத்தான் அதில் நீர் தங்கும். அந்நீரை எட்டுவதற்காக முன்னோர் அகன்ற கிணறுகளை வெட்டினர்; படிகள் அமைத்தனர். ராஷ்டிரபதி நிலையத்தின் வளாகத்திலிருந்த பழைய படிக்கிணறுகள் 2023-இல் சீர்செய்யப்பட்டிருக்கின்றன.

மேலே விலையின்றி வீசும் காற்று. கீழே எட்டாத ஆழத்தில் நீர். இவ்விரண்டையும் ஒரு யந்திரத்தால் இணைத்துவிட்டால் என்ன? எளிய கேள்விதான். ஆயினும் இதற்கு விடை காண நம் நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சி ஏன் எழுந்தது, ஏன் தளர்ந்தது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

கிணற்று நீரை மேலே கொணர்வதற்கு நம்மவர் கையாண்ட முறைகள் மூன்று. ஆழமில்லாக் கிணற்றுக்கு ஏற்றம். யாழ்ப்பாணத்தார் அதனைத் துலா என்பர். ஒருவரோ இருவரோ நெடிய மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கீழே நின்று சாலைக் கவிழ்ப்பார். ஆழக் கிணற்றுக்குக் கவலை. எருதுகள் சரிவில் இறங்கும்போது தோற்பறி மேலேறி வந்து நீரைக் கொட்டும். தெலுங்கு நாட்டில் அதற்கு மோட்டு என்று பெயர். மூன்றாவது, வடநாட்டில் மிகுதியாக வழங்கிய பாரசீகச் சக்கரம். இம்மூன்றுக்கும் வேண்டியது உடலுழைப்பு. விடியுமுன் எழுந்து வெயில் ஏறும்வரை மனிதரும் மாடும் நடந்த நடைதான் நம் தோட்டப்பயிராக விளைந்தது. உழவுக்கு உதவ வேண்டிய எருது கவலையிலே தேய்ந்தது. வறட்சியில் தீவனமின்றி மாடு மடிந்தால் கிணற்றில் நீர் இருந்தும் பயிர் கருகியது. ஆகவே, தீனி கேளாத ஓர் எருதைத் தேடியது வீண் ஆசையன்று. குடும்பத்தின் உயிர்நிலையைத் தொட்ட தேவையாகும்.

காற்றை வேலை வாங்கும் கலை பழமையானது. பாரசீகத்தின் கிழக்குப் பகுதியிலே, செங்குத்தான அச்சில் சுழன்று தானியம் அரைத்த காற்றாலைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. ஆலாந்து நாட்டினர் பின்னர் பெரும் மரச் சிறகுகளைக் கொண்ட ஆலைகளை நிறுவி, கடலினும் தாழ்ந்த தம் நிலத்திலிருந்து நீரை இறைத்து வெளியேற்றினர். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான வேலை. நீர் மிகுந்த நிலத்தை வடிப்பதன்று, வறண்ட நிலத்தின் அடியிலுள்ள சிறிதளவு நீரை மேலேற்றுவது. அத்தகைய யந்திரம் பிறந்த இடம் அமெரிக்கா.

1854-ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த டேனியல் ஹாலடே என்பவர், காற்றின் வேகத்துக்கேற்பத் தானே தன்னை அடக்கிக் கொள்ளும் காற்றாடியை அமைத்தார். அதுவரை புயல் வருமுன் ஒருவர் ஓடிச்சென்று சிறகுகளைச் சுருக்க வேண்டியிருந்தது. பரந்த புல்வெளிகளில் ஆளின்றி நிற்க வேண்டிய யந்திரத்துக்குத் தன்னடக்கமே முதற்குணம் அன்றோ? நீராவி வண்டிகளுக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டிய இருப்புப்பாதைக் கம்பெனிகளும், மாட்டுப் பண்ணைக்காரர்களும் இதனை விரும்பி ஏற்றனர். 1882, 83-ஆம் ஆண்டுகளில் தாமஸ் பெர்ரி என்ற பொறியாளர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் நடத்தி, தட்டையான மரப்பலகையைவிட வளைந்த எஃகுத் தகடே காற்றிலிருந்து மிகுதியான ஆற்றலைப் பெறும் என்று கண்டார். 1888-இல் சிக்காகோ நகரில் ஏர்மோட்டார் என்ற பெயருடன் அவ்வமைப்பு விற்பனைக்கு வந்தது. போட்டியாளர்கள் அதனைக் கணக்குப்போட்டுச் செய்த காற்றாடி என்று ஏளனம் செய்தார்களாம். ஆனால் ஏளனம் செய்தவர்களின் மரக் காற்றாடிகள் சில ஆண்டுகளிலேயே பின்தங்கின. 1915 முதல் அதன் பற்சக்கரங்கள் எண்ணெயிலேயே மூழ்கிச் சுழலும்படி அமைக்கப்பட்டன. அதுவரை அடிக்கடி உச்சிக்கு ஏறி எண்ணெயிட வேண்டியிருந்த தொல்லை ஒழிந்தது.

இந்த யந்திரத்தின் அமைப்பு எளிது. உயர்ந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியிலே பல தகடுகள் நெருங்கிய ஒரு சக்கரம். அதன் பின்னே ஒரு வால். வால் சக்கரத்தை எப்போதும் காற்றின் முகமாகத் திருப்பும். புயல் வந்தால் மடங்கி, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். சக்கரம் சுழல, வளைதண்டு ஒன்று நீண்ட கம்பியை மேலும் கீழும் இயக்கும். அக்கம்பி கிணற்றினுள் இறங்கி, உருளைக்குள்ளிருக்கும் பிஸ்டனை அசைத்து நீரை மேலேற்றும். தகடுகள் ஏன் நெருக்கமாக இருக்கின்றன என்று கேட்கலாம். நின்ற நிலையிலிருந்து நீர்ப்பாரத்தைத் தூக்கத் தொடங்கும்போதுதான் மிகுந்த விசை வேண்டும். தகடுகள் பல இருந்தால் மென்காற்றிலும் அந்த விசை கிடைக்கும். மின்சாரம் எடுக்கும் காற்றாலைக்கு விரைந்த சுழற்சி தேவையாதலால், அதற்கு மூன்று சிறகுகளே போதும். முப்பந்தலில் நாம் காண்பது அவ்வினம். இங்கே பேசுவது இவ்வினம்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1888-இல் சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர் ஆல்பிரெட் சாட்டர்டன். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே தொடங்கி வைத்தவர் என்று அவரைப் பலர் அறிவர். கிணற்றுப் பாசனத்திலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. கவலையில் எருது இறைக்கும் நீருக்கு ஆகும் செலவை அவர் கணக்கிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றாடிகளையும் எண்ணெய் எஞ்சின்களையும் சென்னை மாகாணத்தில் நிறுவிச் சோதித்தார். அவர் மிகுதியாகப் பரப்பியது எண்ணெய் எஞ்சினைத்தான். உழவன் வேண்டும் நேரத்தில் வேண்டும் நீரை அது தந்தது. காற்றோ தனக்கு வேண்டும் நேரத்தில் மட்டுமே உழைத்தது. முதல் வழக்கிலேயே காற்றாடிக்கு எதிராகத் தீர்ப்பு எழுதப்பட்டது எனலாம்.

விடுதலைக்குப் பின் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. பெட்ரோலியம் அயல்நாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். சிற்றூர்களை மின்சாரம் எட்டவில்லை. எனவே அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1952-இல் காற்றாற்றலை ஆராய்வதற்கென ஒரு குழுவை அமைத்தது. 1954 அக்டோபரில் புதுடில்லியில் யுனெஸ்கோவின் ஆதரவில் காற்று, சூரிய ஆற்றல்கள் பற்றிய அனைத்துலகக் கருத்தரங்கு நடைபெற்றது. வறண்ட நாடுகளின் வறுமையைக் காற்றாலும் கதிராலும் தீர்க்க இயலுமா என்று பல நாட்டு அறிஞர்களும் கூடி ஆராய்ந்தனர். 1959-இல் தோன்றிப் பின்னர் பெங்களூரில் நிலைபெற்ற தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம், இப்பணியைத் தொடர்ந்து ஏற்றது. வானூர்தியின் இறக்கையை ஆராய்ந்தவர்களே உழவனின் காற்றாடியையும் ஆராய்ந்தது பொருத்தமே. இரண்டுக்கும் அடிப்படை ஒரே இயல்தான். அவர்கள் அமைத்த டபிள்யூ.பி.-2 என்ற நீரிறைக்கும் காற்றாடியின் சக்கரம் ஏறத்தாழ 5 மீட்டர் விட்டமுடையது. 1960-களில் சுமார் 200 காற்றாடிகள் அவ்வமைப்பில் செய்யப்பட்டன.

ஆயினும் அவை நாடெங்கும் பரவவில்லை. காரணம் என்ன? அதே காலத்தில் மற்றொரு போட்டியாளர் வளர்ந்துவிட்டார். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937-இல் கோயம்புத்தூரில் உள்நாட்டு மின்மோட்டார் செய்யப்பட்டது. விடுதலைக்குப் பின் மின்கம்பி ஊர்தோறும் நடந்து சென்றது. சென்ற இடமெல்லாம் கிணற்றடியில் மோட்டார் அமர்ந்தது.

இதனை ஒரு கணக்கால் தெளிவாக்கலாம். 5 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி, மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றில், 10 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் நீரை ஏற்றும். பத்து மணிநேரம் காற்று நிலையாக வீசினால் 20,000 லிட்டர் கிடைக்கும். ஐந்து குதிரைத்திறன் கொண்ட மோட்டார் அதே ஆழத்திலிருந்து அவ்வளவு நீரையும் ஏறக்குறைய இருபது நிமிடங்களில் இறைத்துவிடும். ஓர் ஏக்கர் நெல்வயலில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டுவதற்கு 2 லட்சம் லிட்டர் வேண்டும். காற்றாடிக்கு அது பத்து நாள் வேலை. மோட்டாருக்கு மூன்றே மணி நேர வேலை. இக்கணக்கைக் கண்ட உழவர் எதனைத் தேர்ந்திருப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

காற்றின் இயல்பும் ஒரு காரணம். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறி இறங்கும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு மரமோ மாடிவீடோ காற்றைச் சற்றே தடுத்தாலும் யந்திரம் ஓய்ந்துவிடும். ஆகவேதான் அதற்குக் கோபுரம் வேண்டும். சுற்றிலும் திறந்த வெளி வேண்டும். பழுது என்பது இன்னொரு தொல்லை. பிஸ்டனிலுள்ள தோல் வளையம் மாதக்கணக்கில் தேயும், கம்பி ஒடியும், கோபுரத்தின் மறைகள் தளரும். அவற்றைச் சீர்செய்யும் கொல்லர் அண்டையில் இல்லையென்றால், ஒரு ரூபாய்த் தோலுக்காக ஆயிரம் ரூபாய் யந்திரம் நின்றுவிடும். காற்றாடிகள் பல இவ்வாறே மௌனமாயின.

1973-இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியபோது, மறந்த யந்திரம் மூன்றாம் முறை நினைவுக்கு வந்தது. அவ்வாண்டில் மதுரைக்கருகே ஒரு பண்ணையில், மார்க்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் புதுவகைக் காற்றாடி ஒன்றை அமைத்தார். மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றே அதன் நடு. மூங்கிற் கழிகளை அதில் கட்டி, அவற்றில் துணிப்பாய்களை விரித்தார். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவில் உழவர் நெடுங்காலமாகக் கையாண்ட பாய்க் காற்றாடியின் உறவு அது. பொருள்கள் அனைத்தும் ஊரில் கிடைப்பவை. தச்சரும் தையற்காரரும் பழுது பார்க்கக்கூடியவை. பெங்களூர் ஆய்வுக்கூடமும் இந்நெறியைப் பின்பற்றி 10 மீட்டர் அகலமுள்ள பாய்க் காற்றாடியை ஆராய்ந்தது. எனினும் துணி வெயிலில் நைந்தது; புயல் வருமுன் அதனைச் சுருட்ட ஆள் வேண்டியிருந்தது. ஹாலடே 1854-இல் தீர்த்த சிக்கல் மீண்டும் தலைதூக்கியது.

1982-இல் மத்திய அரசில் மரபுசாரா எரிசக்தித் துறை தோன்றியது. ஆலாந்து நாட்டவரின் உதவியுடன் உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரில் உருவான, பன்னிரண்டு தகடும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட 12 பி.யு. 500 என்னும் காற்றாடி, அத்துறையின் மானியத்தோடு பல மாநிலங்களில் நிறுவப்பட்டது. புதுச்சேரிக்கருகே ஆரோவில் மக்கள் இன்னொரு வகையை வளர்த்தனர். செம்மண் வறண்டு கிடந்த மேட்டில் மரக்கன்றுகளுக்கு நீர் வேண்டிய அவர்கள், தாமே அமைத்து, தாமே பயன்படுத்தி, தாமே பழுதுபார்த்துத் திருத்திய காற்றாடியைப் பிறருக்கும் செய்து கொடுத்தனர். இலங்கையிலும் 1970-களின் பிற்பகுதியில் ஆலாந்து உதவியுடன், சிறு தோட்டங்களுக்கு ஏற்ற 3 மீட்டர் காற்றாடியை ஆராயும் திட்டம் நடந்தது. இவற்றை ஒப்புநோக்கினால் ஒரு பாடம் புலப்படும். மானியத்தால் வந்து இறங்கிய காற்றாடி, பழுதுபார்ப்பவர் உள்ள ஊரில் நிலைத்தது. பழுதுபார்ப்பவர் இல்லாத ஊரில் இரும்புக் குவியலாயிற்று.

காலத்தின் பொருத்தமும் எண்ணத்தக்கது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களின் வழியே தென்மேற்குக் காற்று சீறிவரும் மாதங்கள் வைகாசி முதல் புரட்டாசி வரை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை வருவதோ ஐப்பசியில். எனவே அங்கே தாகமும் காற்றும் ஒரே பருவத்தில் வருகின்றன. “ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்” என்ற பழமொழியை நம்மவர் அச்சத்தோடு சொன்னாலும், காற்றாடிக்கு அது வாழ்த்துரையே. போலாரத்தின் நிலை வேறு. அங்கே காற்று வலுக்கும் ஆனி, ஆடியிலேயே மழையும் பெய்கிறது. நீர் மிகவும் தேவைப்படும் பங்குனி, சித்திரையில் காற்று நடுத்தரமானது. மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகையிலோ பெரிதும் அடங்கிவிடும். ஒரே யந்திரம் ஓர் ஊரில் பயன்தந்து, மற்றோர் ஊரில் தயங்குவதற்கு அதனைச் செய்தவர் காரணமல்லர், வானமே காரணம்.

இவ்வளவும் கேட்டபின், காற்றாடி தோற்றது நியாயமே என்று முடிவு கட்டலாம் அன்றோ? அம்முடிவுக்கு வருமுன் வென்றவரின் கதையையும் சற்றே கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா உழவர்களுக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் 2004-இல் இலவச மின்சாரம் வந்தது. தெலங்கானா தனி மாநிலமான பின், 2018 சனவரி முதல் நாள் தொட்டு இருபத்துநான்கு மணி நேரமும் அது வழங்கப்பட்டது. உழவர் துயர் தீர்க்கும் நோக்கத்தில் எழுந்த ஏற்பாடுகள் இவை. அந்த நோக்கத்தைக் குறைகூற யாராலும் இயலாது. ஆனால் பாறைக்குள் இருக்கும் நீர் அரசாணைக்குக் கட்டுப்படுவதில்லை. மோட்டார் வலுத்தது; திறந்த கிணறு வறண்டது; ஆழ்துளைக் கிணறு வந்தது. நூறு அடியில் கிடைத்த நீரைத் தேடி ஐந்நூறு அடிக்கும் அதற்கு அப்பாலும் துளையிட்டனர். கடன் வாங்கித் துளையிட்ட கிணற்றில் புகை மட்டுமே வந்ததைக் கண்டு தலையில் கைவைத்து அமர்ந்த குடும்பங்கள் தக்காண மேட்டில் எத்தனையோ.

காற்றாடி இத்தகைய கேட்டைச் செய்யவல்லதன்று. ஏனெனில் ஆழம் மிகுந்தால் அது தானே இளைத்துவிடும். முன்னே சொன்ன 5 மீட்டர்க் காற்றாடி, அதே காற்றில் 150 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு 130 லிட்டரைத்தான் ஏற்றும். அதன் வலுவின்மை என்று நாம் எண்ணியது, நிலத்தடி நீருக்கு ஒரு காவலாக இருந்தது. நாள்முழுதும் சிறுகச் சிறுக இறைத்தால், பாறையின் இடுக்குகளிலிருந்து நீர் ஊறிவரவும் நேரம் இருக்கும். கவலை இறைத்த காலத்தில் நம் கிணறுகள் தலைமுறை தலைமுறையாக வற்றாமல் நின்றதற்கும் இதுவே ஒரு காரணம். எருது களைத்தபோது கிணறும் இளைப்பாறியது.

மீண்டும் கவலைக்குத் திரும்புங்கள் என்று எவரும் கூற மாட்டார். மனிதரும் மாடும் பட்ட பாடு போதும். ஆனால் இன்று ஒருவர் தம் வீட்டிலோ சிறு தோட்டத்திலோ காற்றாடி நிறுவ விரும்பினால், இந்த வரலாறு அவருக்குச் சில அறிவுரைகளைத் தருகிறது. முதலாவது, கிணறு ஆழம் குறைந்ததாக இருத்தல் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு, ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில், நாளொன்றுக்கு 700 லிட்டருக்கும் குறைவான நீரே போதும். 3 மீட்டர்ச் சக்கரமுள்ள சிறு காற்றாடி, 15 மீட்டர் ஆழத்திலிருந்து மென்காற்றிலும் மணிக்கு 450 லிட்டரளவு தரும். ஆகவே இரண்டு மணிநேரக் காற்றே போதுமானது. இரண்டாவது, காற்றில்லா நாள்களுக்காக மூன்று நான்கு நாள் நீரைத் தேக்கும் தொட்டி வேண்டும். காற்றாடியில் பாதி கோபுரம் என்றால், மற்றப் பாதி தொட்டிதான். மூன்றாவது, ஓராண்டேனும் அவ்விடத்துக் காற்றை மாதந்தோறும் கவனித்தல் வேண்டும். நான்காவது, நெல்லும் கரும்பும் காற்றாடிக்கு ஏற்றவை அல்ல; காய்கறி, பழமரம், மாட்டுத் தொட்டி, வீட்டுத் தேவை என்பனவே அதற்கு அளவான வேலைகள். ஐந்தாவது, தோல் வளையத்தை மாற்றத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

இந்நாளில் சூரிய ஒளியால் இயங்கும் பம்புகள் விலை குறைந்து வருகின்றன. 2019-இல் மத்திய அரசு அவற்றுக்கு உதவி வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. போலாரம் போன்ற இடத்தில், காற்று தளரும் சித்திரையில் கதிரவன் தளர்வதில்லை. ஆதலால் அங்கே கதிரவனே ஏற்ற துணைவன். ஆனால் சூரியப் பம்பும் கட்டணமின்றி நாள்முழுதும் இறைக்கவல்லது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எண்ணெய் வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம் என்ற மகிழ்ச்சியில் நீர்மட்டத்தை மறந்தோமானால், பழைய பிழையையே புதிய யந்திரத்தைக் கொண்டு செய்தவர்களாவோம்.

ஹாலடேயின் காற்றாடி புகழ்பெற்றது அதன் வலிமையால் அன்று. எவ்விடத்தில் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதை அது அறிந்திருந்தமையால்தான். ஏற்றம், கவலை, எண்ணெய் எஞ்சின், மின்மோட்டார், காற்றாடி, கதிரவன் என்று இறைக்கும் கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கிணறு மட்டும் மாறவில்லை. பெய்த மழையில் எவ்வளவு பாறைக்குள் இறங்கியதோ அவ்வளவே அதன் சேமிப்பு. அந்தச் சேமிப்பின் அளவறிந்து இறைப்பவருக்கு எந்தக் கருவியும் நண்பன். அளவறியாதவருக்கு எந்தக் கருவியும் பகை.